மேசைதட்டியார்

பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன் மேசையைத் தட்டுகிற மனிதர்கள் இருக்கிறார்கள். கோபத்தில் தட்டுகிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அது பழைய இனம், அதற்கான வைத்தியமும் பழையது. இது புதிய இனம். சந்தோஷத்தில் தட்டும். உள்ளங்கையை விரித்து, அவசரப்படாமல், மூன்று தட்டுத் தட்டி, கண்ணை லேசாக மூடி, "இதுதான் வேணும். இப்படித்தான் கேக்கணும்" என்று சொல்லும். சொல்லி முடித்ததும் பதிலே சொல்லிவிட்ட திருப்தி அதன் முகத்தில் பரவும். கேட்டவளும் உட்கார்ந்துவிடுவாள். அவள் என்ன கேட்டாள்? அது யாருக்கு ஞாபகம்?

இந்த இனத்துக்கு ஊக்குவிப்பாளர் என்று பெயர். வங்கியில் உண்டு, பத்திரிகை அலுவலகத்தில் உண்டு, மருத்துவமனையில் உண்டு. பெண்கள் எங்கே கொஞ்சம் தலை நிமிர ஆரம்பிக்கிறார்களோ அங்கே மழைக்குப் பின் காளான் போல முளைத்துவிடும். ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்வது பல்கலைக்கழகத்தில்தான். அதிலும் கணினித் துறையில்.

நாம் பார்க்கப்போகிறவர் அப்படியொரு துறையில் விரிவுரையாளர். தாழ்வாரத்தின் கடைசி அறை அவருடையது. கதவு எந்நேரமும் திறந்திருக்கும்; மாணவிகள் வந்துபோகிற அறைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். உள்ளே, சுவரில், அயல்நாட்டுப் பெண்மணி ஒருத்தி ஸ்க்ரூடிரைவரைத் தப்பான முனையில் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரிக்கும் படம். அதன் கீழே 'அவளால் முடியும்' என்ற வாசகம். அவளால் எது முடியும் என்று வாசகம் சொல்லவில்லை. மேசைமேல் கண்ணாடி, அவர் உள்ளங்கை விழுகிற இடத்தில் மட்டும் அது தேய்ந்து மங்கியிருக்கும். தோளில் தட்டிக் கொடுப்பது இந்தக் காலத்தில் வம்பு என்பதால், தலைமுறை தலைமுறையாக மாணவிகளுக்குச் சேரவேண்டிய தட்டுகளையெல்லாம் அந்த மேசை ஒற்றை ஆளாக வாங்கிக்கொண்டிருந்தது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மேசைதட்டி. கடைசியில் 'யார்' சேர்த்துக்கொண்டது அவருடைய மதிப்பெண் அதிகாரத்துக்குக் காட்டிய மரியாதை.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் காரியம் சுலபம். புகார் எழுதிப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். இவர் நல்லவர். பெண்களை முதல் வரிசையில் உட்காரவைப்பார். காலையில் முதல் வேலையாக மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் சூரியன் உதிக்கிற படத்தோடு தன்னம்பிக்கை வாசகம் ஒன்றை அனுப்புவார். யாராவது ஒருத்தி ஏதாவது ஒரு போட்டிக்கு விண்ணப்பித்தாலே போதும், துறைத்தலைவரிடம் ஓடிப்போய், "நம்ம பொண்ணு சார், நம்ம பொண்ணு" என்று பூரித்துப்போவார். விண்ணப்பம் தேறியதா, தேறவில்லையென்றால் ஏன் என்பதெல்லாம் சில்லறை விவகாரம்.

இவரிடம்தான் பஸ்காரி வந்து சேர்ந்தாள்.

பஸ்காரி என்பது வகுப்பு வைத்த பெயர். அவள் அம்மா துணிக்கடையில் விற்பனைப் பெண். காலை முதல் மாலை வரை நின்று, பிறகு பேருந்து நிறுத்தத்திலும் நிற்கிறவள். ஒரு நாளில் தன் அம்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தை மகள் விரல்விட்டு எண்ணிவிடுவாள். எந்தப் பேருந்து எவ்வளவு தாமதமாக வரும் என்று முன்கூட்டியே சொல்கிற புரோகிராம் ஒன்று எழுதுவதென்று இரண்டாம் வருடமே தீர்மானித்துவிட்டாள். அதை இறுதியாண்டுத் திட்டமாகவும் எடுத்துக்கொண்டாள். கூட்டாளி, வகுப்புப் பையன் ஒருவன்; வழிகாட்டி, மேசைதட்டியார்.

அந்த வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள். என்ன படிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பாள். அந்த 'ஏதோ'வில் பெருமையும் பயமும் சரிபாதி இருக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளைப் பார்த்து முதல் வருடத்தில் ஒருவர் மேசையைத் தட்டினால் எப்படி இருக்கும்? பஸ்காரிக்கு அது விருது வாங்கியது போல இருந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "சார் மேசையைத் தட்டினார்மா" என்றாள். அம்மா பதறி, "என்னடி தப்பு பண்ணின?" என்று கேட்டாள்.

அப்போது சிரித்தாள். இரண்டாம் வருடத்தில்தான் கவனிக்க ஆரம்பித்தாள். ஒருவனோ ஒருத்தியோ கேள்வி கேட்டதும் மேசைதட்டியார் என்ன செய்கிறார் என்பதை வகுப்பு வகுப்பாக, ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பையன் கேட்டால் மேசைதட்டியார் மேசையைத் தட்டுவதில்லை. "எங்க, காட்டு" என்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவன் திரைமுன் குனிவார். பிறகு ஆரம்பிக்கும் அர்ச்சனை. "அறிவிருக்காடா உனக்கு? யாருடா உனக்குச் சொல்லிக் குடுத்தது? நானா? வெளிய சொல்லிடாதே. இங்க பாரு, இந்த வரியைத் தூக்கி இங்க போடு. மாடு மேய்க்கிறவன்கூட எண்ணித்தான்டா ஓட்டிக்கிட்டுப் போவான்." அவன் காது சிவந்து நிற்பான். புரோகிராம் ஓடும்.

வாத்தியார் கெட்டிக்காரர். பையன் ஒருவன் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட தவறை, கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துக் காறித்துப்பிவிட்டுப் போவதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆக, அந்த வகுப்பில் பையன்களுக்குத் திட்டும் பதிலும் கிடைத்தன; பெண்களுக்குத் தட்டு கிடைத்தது. மூன்று வருடத்தில் பையன்கள் தடித்த தோலும் நல்ல புரோகிராமுமாக ஆனார்கள். பெண்கள் தன்னம்பிக்கையோடு இருந்தார்கள்.

பஸ்காரிக்கு ஒரு விசித்திரமான ஆசை முளைத்தது. ஒரே ஒரு தடவை இந்த மனிதர் என்னைத் திட்டமாட்டாரா? முட்டாள் என்று ஒரு வார்த்தை? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே சந்தேகம் வரும்: தட்டிக் கொடுக்க ஆளில்லாமல் எத்தனை பேர் வாடுகிறார்கள், எனக்கு என்ன கொழுப்பா? நன்றி கெட்டவளா நான்? இந்தக் கேள்விகளை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மேசையைத் தட்டுவாரே.

இறுதியாண்டில் புரோகிராம் ஓடியது. நன்றாகவே ஓடியது. பேருந்துப் பணிமனைகள் வெளியிடும் தாமதக் கணக்கை வைத்துக்கொண்டு, எந்தத் தடம், எத்தனை மணி என்று சொன்னால், இவ்வளவு தாமதம் என்று கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லும். ஒரே ஒரு குறை. நகரத்திலேயே மோசமான தடங்கள் எவையோ, நின்று நின்று மக்கள் சாபம் விடுகிற பேருந்துகள் எவையோ, அவற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும், 'தாமதமில்லை, குறித்த நேரத்தில் வரும்' என்று அடித்துச் சொல்லும். அந்த மோசமான தடங்களில் ஒன்றுதான் அம்மாவின் பேருந்து. அம்மா அதை நம்பி நிறுத்தத்துக்கு ஓடி, இருட்டும்வரை நின்றுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "உன் மிஷின் சொல்ற பஸ் வேற ஊர்ல ஓடுது போல. ரொம்ப நல்ல ஊரா இருக்கும்."

பஸ்காரி தான் எழுதியதை வரிவரியாகப் பார்த்தாள். தவறு எதுவும் இல்லை. திரும்பப் பார்த்தாள். தன் எழுத்தைத் தானே பார்ப்பது தன் முதுகைத் தானே பார்ப்பது மாதிரி. இன்னொருவர் கண் வேண்டும். கடைசி அறைக்குப் போனாள். மேசைதட்டியார் முழுக்கக் கேட்டார், தட்டினார், "அம்மா நிக்கிற பஸ்ஸுக்காக மக புரோகிராம் எழுதுறா. என்ன ஒரு கதை. உன்னால முடியும்மா" என்றார். "இல்ல சார், அந்த ஒரு இடம் மட்டும்…" என்று மடிக்கணினியைத் திறந்தாள். "கண்டிப்பா பாக்குறேன்மா. அனுப்பி வை." அனுப்பிவைத்தாள். பதில் வந்தது: ஒரு கட்டைவிரல்.

மறுவாரமும் போனாள். கட்டைவிரல் இரண்டானது.

இதற்கிடையில் பேருந்துத் தகவல் நிறுவனம் ஒன்றிலிருந்து வெளித்தேர்வாளர் ஒருவர் இறுதியாண்டுத் திட்டங்களை மதிப்பிட வரப்போவதாகவும், பிடித்திருந்தால் ஒரே ஒரு ஆளைத் தங்கள் நிறுவனத்துக்கு எடுத்துக்கொள்வார் என்றும் அறிவிப்பு வந்தது. ஒரே இடம். பஸ்காரி அந்த நிறுவனத்தின் பெயரைக்கூட அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் போலிருந்தது. கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டால் அம்மாவின் கடையில் கணக்கெழுதுமிடத்தில் ஆள் தேவை என்று முதலாளி ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார்.

இங்கேதான் நம் இனத்தின் தனித்திறமை வெளிப்படுகிறது. மதிப்பீட்டு நாளும் முடிவாகி, நேரமும் முடிவான பிறகு, மேசைதட்டியார் 'தொழில்நுட்பத்தில் பெண்கள்' என்று ஒரு விழா ஏற்பாடு செய்தார். எந்த நாளில்? அதே நாளில். எந்த நேரத்தில்? அதே நேரத்தில். சிறப்பு விருந்தினருக்கு அன்றுதான் ஒழிந்ததாம். இறுதியாண்டு மாணவிகள் அத்தனை பேரையும் அழைத்துக் குழு பிரித்தார்: வரவேற்புக் குழு, பூங்கொத்துக் குழு, பிஸ்கட் குழு, சான்றிதழ்க் குழு. தொகுத்து வழங்குகிற பொறுப்பு பஸ்காரிக்கு.

"சார், அன்னைக்கு லேப்ல மதிப்பீடு இருக்கே" என்றாள்.

"அதைப் பசங்க பாத்துக்குவாங்க. உன் கூட்டாளி காட்டிடுவான். இது உங்க நாள்மா. ஒரு நாளாவது வேலையைத் தள்ளி வெச்சிட்டு மேடைல நில்லு" என்றார். குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது; அதுதான் கஷ்டம்.

பெண்களின் தொழில்நுட்ப நாள் என்பதால் அன்றைக்குத் தொழில்நுட்பத்தைப் பையன்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கி ஒருவன், திரைக்கருவி ஒருவன், கீழே ஆய்வுக்கூடத்தில் மற்ற எல்லோரும். பஸ்காரியின் கூட்டாளி நல்ல பையன். முதல்நாள் சாயங்காலமே அவளிடம் கெஞ்சினான்: "ஏய், நான் அறிக்கைக்கு அட்டை போட்டவன். படம் வரைஞ்சவன். உள்ள என்ன இருக்குன்னு கேட்டா என்னை உரிச்சு உப்பு தடவிடுவாங்க. நடுவுல எப்படியாவது நழுவி வந்துடு."

எங்கே நழுவுவது? அரங்கத்தின் நடுவில், வெளிச்சத்தில், ஒலிவாங்கியோடு நின்றுகொண்டிருந்தாள். மேடையில் நாற்காலிகள். ஒன்றில் சிறப்பு விருந்தினர். பெரிய நிறுவனமொன்றில் உயர்பதவியில் இருக்கும் அம்மையார், இம்மாதிரி விழாக்கள் பலவற்றைத் தாங்கிய முகம். பக்கத்து நாற்காலி காலி. அதன் முன் பெயர்ப்பலகை மட்டும் நின்றது. கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்த பெரியவர், கௌரவ விருந்தினர், வரவில்லை. வரப்போவதும் இல்லை என்று தொலைபேசி வந்துவிட்டது.

மேசைதட்டியார் அவள் காதருகே குனிந்து, "அவரையும் வரவேத்துடும்மா. அழைப்பிதழ்ல பேர் இருக்கு. வந்த மாதிரியே போயிடணும்" என்றார்.

இது புதிதல்ல. எந்த விழாவுக்கும் நீங்கள் போயிருப்பீர்கள். வராதவருக்குத்தான் கைதட்டல் சற்று அதிகமாகவே விழும். பஸ்காரியும் வாசித்தாள். "தமது இடைவிடாத பணிகளுக்கிடையிலும், குறித்த நேரத்தில் வருகை தந்து நம்மைப் பெருமைப்படுத்தியிருக்கும்…" காலி நாற்காலியைப் பார்த்துப் பூங்கொத்துக் குழு ஓரடி முன்னால் வைத்து, குழம்பி, பின்வாங்கியது. அரங்கம் கைதட்டியது.

பஸ்காரி நிறுத்திவிட்டாள்.

வரவே இல்லை. ஆனால் குறித்த நேரத்தில் வந்ததாகக் கணக்கு.

அவளுடைய புரோகிராமும் வேறென்ன செய்கிறது? பேருந்து ஓடாத நாளில் பணிமனைக்காரர்கள் தாமதம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். ஓடாத வண்டிக்கு ஏது தாமதம்? அந்த வெறுமையைப் புரோகிராம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. பூஜ்யம் தாமதமென்றால் சரியான நேரத்தில் வந்தது என்று அர்த்தம். எந்தப் பேருந்து அதிக நாள் வராமல் ஏமாற்றுகிறதோ, அதற்குத்தான் அதிக நற்சான்றிதழ். அவள் எழுதிய வரிகளில் தவறே இல்லை. இத்தனை நாளாக வராத பேருந்துகளுக்கெல்லாம் பூங்கொத்து கொடுத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அரங்கம் அவளையே பார்த்தது. மேசைதட்டியார் கண்ணால், என்னம்மா என்றார். அவள் ஒலிவாங்கியை நீட்டினாள்.

"சார், இதைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார். இந்த இனத்தின் கையில் ஒலிவாங்கி கொடுத்துவிட்டால் பிறகு கவலையில்லை. பெண்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றி ஆரம்பித்தார். வாய்ப்பளிக்கப்பட்டவள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. பேச வந்த அம்மையாருக்கு அன்று கடைசியில் நன்றி சொல்லும் அளவுக்குத்தான் நேரம் மிஞ்சியது என்று பிஸ்கட் குழு பிறகு சொன்னது.

ஆய்வுக்கூடத்தில் கூட்டாளி வியர்த்துப்போய் நின்றான். வெளித்தேர்வாளருக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக, யாரையும் பிடிக்காத முகத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அம்மாவின் பேருந்து குறித்த நேரத்தில் வரும் என்று போட்டிருந்தது.

"இந்தத் தடத்துல நான் காலைல நின்னுட்டு வர்றேன்" என்றார் தேர்வாளர். "வரவே இல்லை. இதை எழுதினது யாரு?"

"இவதான்" என்று கூட்டாளி, கரையேறியவன் போல அவளைக் காட்டினான்.

அவள் மூச்சு வாங்க நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காலி நாற்காலியைப் பார்த்துக் கண்டுபிடித்ததைச் சொன்னாள். ஓடாத நாட்களைத் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டினாள். பேருந்தின் உண்மை முகம் திரையில் தெரிந்தது. தேர்வாளர் தும்மினார். திரையை நகர்த்தி, அவள் எழுதியதைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு அவளைப் பிடித்துக்கொண்டார்.

"இதை இப்பத்தான் பாக்குறியா? வெறுங்கட்டத்தைப் பூஜ்யம்னு எடுத்துக்கச் சொன்னது யாரு? மூளையைக் கழட்டி வெச்சிட்டு உக்காந்தியா? பணிமனைக்கு ஒரு தடவை போய் என்னப்பா இதுன்னு கேட்டிருந்தா முடிஞ்சது. இப்பவும் பாதிதான் சரி. வண்டி வராத நாளைத் தூக்கி எறிஞ்சிட்டியே, வராதுங்கிறதும் ஒரு தகவல்தானே? ஸ்டாப்ல நிக்கிறவளுக்கு முதல்ல அதைச் சொல்ல வேண்டாமா?"

பஸ்காரியின் காது சிவந்தது. அவள் முகத்தைப் பார்த்த கூட்டாளி, அழப்போகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் தேடினான். அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் அவள் எழுதியதைக் கடைசி வரை படித்திருக்கிறார்.

"என்ன சிரிப்பு?" என்றார் தேர்வாளர்.

"ஒண்ணுமில்ல சார். இன்னும் சொல்லுங்க."

அவர் இன்னும் சொன்னார். அவளும் திருப்பிச் சொன்னாள்; ஓரிடத்தில், "அது மட்டும் நீங்க சொல்றது தப்பு சார்" என்றும் சொன்னாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்து, "ஆமா, தப்புதான்" என்றார். பிறகு, "இதை உன் வழிகாட்டி பாக்கலையா?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய்யும் சொல்லக்கூடாது, காட்டியும் கொடுக்கக்கூடாது.

"பாக்குறேன்னு சொல்லியிருக்கார்."

இடம் அவளுக்குக் கிடைத்தது.

செய்தி கேட்டு மேசைதட்டியார் ஆய்வுக்கூடத்துக்கே ஓடிவந்தார். அங்கே கைக்கெட்டிய மேசையில், விசைப்பலகைகள் துள்ளும்படி தட்டினார். காலி நாற்காலிக் கதையைக் கூட்டாளி அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தான். அன்றிலிருந்து துறையில் அவர் வாயில் ஒரே பல்லவி: "லேப்லயே உக்காந்திருந்தா அந்தப் பொறி வந்திருக்குமா? மேடை ஏத்தினது யாரு? நான்தானே? பொண்ணுங்களுக்கு ஒரு மேடை குடுத்துப் பாருங்க, அப்புறம் பாருங்க."

பஸ்காரி அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டே யோசித்தாள். யோசிக்க யோசிக்க எரிச்சலாக வந்தது, ஏனென்றால் அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மேடையேறாவிட்டால் தெரிந்திருக்காதோ? முதல் வருடத்தில் அந்த மேசைச் சத்தம் கேட்டிராவிட்டால் இரண்டாம் வருடம் வரை தாக்குப்பிடித்திருப்பாளோ? இனத்தின் சாமர்த்தியமே இதுதான். முழுதாகத் தப்பாக இருந்து தொலைக்காது.

இதுவரை சிரித்துக்கொண்டு வந்தீர்கள், நல்லது. இப்போது உங்களை ஒன்று கேட்கலாமா? உங்கள் அக்கா மகள் தான் எழுதியது ஏதோ ஒன்றை உங்களுக்கு அனுப்பியிருந்தாளே, கட்டுரையோ, கணக்கோ, கதையோ? 'சூப்பர்டா கண்ணு' என்று பதில் போட்டீர்களே? திறந்து பார்த்தீர்களா? இரண்டாம் பக்கத்தில் ஒரு தவறு இருந்தது. அது கண்ணில் படவில்லையா, அல்லது பட்டும், பாவம் பெண்பிள்ளை, மனசு நோகுமே என்று விட்டுவிட்டீர்களா? அவள் அண்ணன் அனுப்பியிருந்தால் கூப்பிட்டு வைத்துக் காய்ச்சியிருப்பீர்களே? உங்கள் மேசையைத் தடவிப் பாருங்கள். ஒரு இடம் சற்று மழுமழுவென்று இருக்கிறதா?

பஸ்காரி இப்போது அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் யாரிடமாவது திட்டு வாங்கித் திருப்தியாக இருக்கிறாள். பழைய விசுவாசத்தில் எழுதுவதையெல்லாம் மேசைதட்டியாருக்கும் அனுப்பிவைக்கிறாள். ஒவ்வொன்றிலும், முதல் பக்கத்திலேயே, கண்ணுள்ளவனுக்குப் பளிச்சென்று தெரிகிற மாதிரி, ஒரு மடத்தனமான தவறை வேண்டுமென்றே விட்டுவைக்கிறாள். உடனுக்குடன் பதில் வந்துவிடுகிறது: 'பெருமையாக இருக்கிறதம்மா.'

அவர் அவளுக்குத் தரவேண்டிய திட்டு மட்டும் இன்னும் பாக்கி.